நாட்டுக்கே நேரம் சொன்ன நுங்கம்பாக்கம்

நம்ம ஊரு, நமக்கே தெரியாத சேதி – 9

ஐப்பசி பிறந்து வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் சென்னைக்காரர்களுக்கு இரண்டு பெயர்கள் மனப்பாடம் ஆகிவிடும். நுங்கம்பாக்கத்தில் இத்தனை சென்டிமீட்டர், மீனம்பாக்கத்தில் இத்தனை சென்டிமீட்டர். நாளைக்கு லீவு விடுவார்களா என்று டிவி முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளையில் தொடங்கி, ஏரியைத் திறக்கலாமா என்று யோசிக்கும் அதிகாரி வரை எல்லோரும் அந்த எண்ணுக்காகக் காத்திருப்பார்கள். மீனம்பாக்கத்தில் விமான நிலையம் இருக்கிறது, அங்கே மழையை அளந்துதான் ஆகவேண்டும். கடைகளும் ஆபீஸ்களும் அடுக்குமாடிகளுமாக நெருங்கிக் கிடக்கும் நுங்கம்பாக்கத்துக்கு இந்தப் பொறுப்பு எப்படி வந்தது?

காலேஜ் ரோட்டில் இருக்கும் வானிலை ஆய்வு மைய வளாகத்துக்குள் ஒரு கருங்கல் தூண் நிற்கிறது. எடை சுமார் 10 டன். தமிழ், தெலுங்கு உட்படப் பல மொழிகளில் அங்கே கல்வெட்டு உண்டு. 1792 என்ற ஆண்டும், கட்டியவர் மைக்கேல் டாப்பிங் என்ற பெயரும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. மழைக்கும் இந்தத் தூணுக்கும் நேரடியாகச் சம்பந்தம் இல்லை. தூண் வந்தது நட்சத்திரங்களுக்காக.

கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கப்பல்கள்தான் உயிர். சோழமண்டலக் கரையில் எந்த இடம் எந்தத் தீர்க்கரேகையில் இருக்கிறது என்று துல்லியமாகத் தெரியாமல் கப்பல்கள் தடுமாறின. கடலில் நிற்கிறவனுக்குத் தன் இருப்பிடம் தெரிய வேண்டுமானால் கரையில் ஒருவர் வானத்தைப் பார்த்துக் கணக்கு வைத்திருக்க வேண்டும். 1786இல் வில்லியம் பெட்ரி என்ற கம்பெனி அதிகாரி எழும்பூரில் சொந்தச் செலவில் ஒரு சிறிய வானாய்வகம் அமைத்தார். அதன் கருவிகளைக் கம்பெனி ஏற்றுக்கொண்டது. டாப்பிங் நுங்கம்பாக்கத்தில், கூவத்துக்குப் பக்கத்தில், 1792இல் புதுக் கட்டடம் எழுப்பினார்.

தூண் ஏன் இத்தனை கனம்? அதன் தலையில் தொலைநோக்கி உட்கார்ந்திருந்தது. அது வடக்கு தெற்காக மட்டுமே அசையும். உச்சிக்கோட்டை ஒரு நட்சத்திரம் எந்த நொடியில் தாண்டுகிறது என்று பார்ப்பதுதான் அதன் வேலை. பார்ப்பவரின் கண் தொலைநோக்கியில் இருக்கும், காது பக்கத்துக் கடிகாரத்தில் இருக்கும். டிக், டிக் என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டே, கண்ணாடிக்குள் கட்டியிருக்கும் மெல்லிய இழைகளை நட்சத்திரம் ஒவ்வொன்றாகக் கடக்கும் கணத்தை நொடியின் பத்தில் ஒரு பங்கு வரை மதிப்பிட்டு எழுத வேண்டும். ஒரு மயிரிழை அதிர்ந்தாலும் கணக்குக் கெட்டது. அதனால்தான் பத்து டன் கருங்கல்.

ஆயிரம் வருஷம் கழிந்தாலும் ஆசியாவில் கணித அறிவியலை முதலில் ஊன்றியது பிரிட்டிஷ்காரர்களே என்று சந்ததிகள் அறியட்டும் என்பது அன்றைய கம்பெனிக்காரர்களின் எண்ணம். தூணை மதிக்கலாம், இந்த எண்ணத்தை ஏற்க முடியாது. அதற்கு இருபது வருஷம் முன்பே, புதுச்சேரிக்கு வந்திருந்த லெ ஜான்தி என்ற பிரெஞ்சு வானியலாளர், இங்கே தமிழர்கள் கிரகணம் கணிப்பதைப் பார்த்து அசந்துபோனார். தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களைக் கொண்டு அவர்கள் கணக்குப் போட்டார்கள். 1765ஆம் ஆண்டுச் சந்திர கிரகணம் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதில் அந்தக் கணக்குக்கும் உண்மைக்கும் இருந்த வித்தியாசம் 41 நொடிதான். பிற்காலத்தில் மதராஸ் வானாய்வகப் பொறுப்பில் இருந்த ஜான் வாரனும் புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரர் ஒருவரிடம் இதே சோழிக் கணக்கைக் கற்று, 1825இல் வெளியான தம் 'கால சங்கலித' நூலில் எழுதி வைத்தார். வானக் கணக்கு இந்த மண்ணில் கப்பலில் வந்து இறங்கிய சரக்கல்ல.

டாப்பிங் 1796இல் இறந்துபோக, ஜான் கோல்டிங்ஹாம் பொறுப்பேற்றார். சென்னைக்காரர்கள் இன்றும் தினமும் கடந்துபோகும் பல விஷயங்களில் இந்த இருவரின் கை இருக்கிறது. டாப்பிங்கின் யோசனையில் 1794இல் தொடங்கிய சர்வே பள்ளிதான் வளர்ந்து கிண்டி பொறியியல் கல்லூரி ஆனது. மவுண்ட் ரோடு பக்கம் இருக்கும் ராஜாஜி ஹாலைக் கட்டியவர் இதே கோல்டிங்ஹாம். ஒலியின் வேகத்தையும் அவர் இங்கே உட்கார்ந்துதான் அளந்தார். கோட்டையிலும் பரங்கிமலையிலும் காலையும் மாலையும் பீரங்கி வெடிப்பார்கள். நுங்கம்பாக்கத்திலிருந்து பார்த்தால் முதலில் ஒளி தெரியும், சில நொடி கழித்துத்தான் சத்தம் வந்து சேரும். இடைப்பட்ட நொடிகளைக் காற்றின் வெப்பம், ஈரப்பதம், திசை எல்லாவற்றோடும் சேர்த்துக் குறித்து வைத்தார். அந்த முடிவுகள் 1823இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் அச்சேறின.

இந்தியாவின் வரைபடமும் இந்த இடத்தைத்தான் பற்றிக்கொண்டு நின்றது. நாடு முழுக்க நடந்த பெரும் முக்கோண அளவையில் தீர்க்கரேகைகளை எல்லாம் மதராஸ் வானாய்வகத்தை ஆதாரமாக வைத்தே எண்ணினார்கள். பழைய சர்வே வரைபடத் தாள்களின் ஓரத்தில், மதராஸ் வானாய்வகத்தின் தீர்க்கரேகை 80 பாகை 14 கலை 47 விகலை என்று கொண்ட குறிப்பைக் காணலாம்.

நேரமும் அப்படியே. ரயில் ஓடத் தொடங்கியபோது பம்பாய்க்கு ஒரு நேரம், கல்கத்தாவுக்கு ஒரு நேரம். இரண்டுக்கும் ஏறத்தாழ நடுவில் இருந்தது மதராஸ், கூடவே நட்சத்திரம் பார்த்துச் சரிசெய்த கடிகாரமும் இங்கே இருந்தது. ஆக, இந்திய ரயில்கள் மதராஸ் நேரத்துக்கு ஓடின. கிரீன்விச்சை விட சுமார் 5 மணி 21 நிமிடம் முன்னால். 1906 ஜனவரி 1 முதல் இந்தியப் பொதுநேரம் வந்தபோது அது 5 மணி 30 நிமிடமானது. சென்னைக் கடிகாரங்கள் ஏறக்குறைய 9 நிமிடம் முன்னே நகர்ந்தன. நுங்கம்பாக்கத்தில் இன்றும் சூரியன் உச்சிக்கு வருவது, வருஷச் சராசரியாகப் பார்த்தால், கடிகாரம் 12 அடித்து 9 நிமிடம் கழித்துத்தான்.

டி.ஜி. டெய்லர் 1844இல் 11,000க்கும் மேற்பட்ட நட்சத்திரங்களின் பட்டியலை இங்கிருந்து வெளியிட்டார். டபிள்யூ.எஸ். ஜேக்கப் 1855இல், ஓர் இரட்டை நட்சத்திரத்தின் ஓட்டத்தில் இடறலைக் கண்டு, அங்கே ஒரு கோள் சுற்றிக்கொண்டிருக்க வேண்டும் என்று எழுதினார். அந்த முடிவு பிறகு நிலைக்கவில்லை. ஆனால் வேறொரு சூரியனைச் சுற்றும் கோளைத் தேடிய மிகப் பழைய முயற்சிகளில் ஒன்று நுங்கம்பாக்கத்தில் நடந்தது. பின்னர் வந்தவர் நார்மன் போக்சன். 1861இல் இங்கிருந்து அவர் கண்டுபிடித்த சிறுகோளுக்கு 'ஏஷியா' என்று பெயர் சூட்டினார். 1866இல் அவர் கண்ட 'சில்வியா'வுக்கு இரண்டு நிலாக்கள் இருப்பது 2005இல் தெரியவந்தது. ஒன்றுக்கு மேற்பட்ட நிலாக்கள் உண்டென்று அறியப்பட்ட முதல் சிறுகோள் அதுதான்.

இத்தனை துரைமார்களின் பெயரைச் சொன்ன பிறகு, இந்தத் தொடரைப் படிக்கும் ஒவ்வொருவரும் மனதில் இருத்திக்கொள்ள வேண்டிய பெயர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்தில் பிறந்தவர். இளம் வயதிலேயே வானாய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்து, முதல் உதவியாளர் பதவி வரை உயர்ந்தவர். போக்சன் காலத்து நட்சத்திரப் பதிவுகளில் பெரும்பகுதி அவர் கண்ணும் காதும் கொடுத்து எடுத்தவை. 1867இல் 'ஆர் ரெடிகுலி' என்ற நட்சத்திரத்தின் ஒளி கூடிக் குறைவதைக் கண்டுபிடித்தார். அது தென்வானத்து நட்சத்திரம், லண்டனில் இருப்பவருக்கு உதிப்பதே இல்லை. சென்னையிலும் தெற்கு அடிவானத்திலிருந்து 14 பாகைக்கு மேல் ஏறாது. கடலோரப் புழுக்கமும் தூசியும் சேர்ந்த அந்தத் தாழ்வான வானத்தில் ஒரு மங்கல் நட்சத்திரத்தின் மாற்றத்தைப் பிடிப்பது லேசான காரியமல்ல.

1868 ஆகஸ்ட் 18 முழுச் சூரிய கிரகணத்தின்போது போக்சன் மசூலிப்பட்டினத்தில் முகாமிட, ரகுநாதாச்சாரி வனபர்த்தியில் தனிக் குழுவை நடத்தினார். 1872இல் லண்டன் ராயல் வானியல் சங்கம் அவரை உறுப்பினராக்கியது. இந்தியர்களில் அந்தப் பெருமை முதலில் கிடைத்தவர்களில் அவர் ஒருவர்.

ஆனால் அவரை நெருக்கமாக உணர வைப்பது வேறு இரண்டு காரியங்கள். 1874 டிசம்பர் 9 அன்று சுக்கிரன் சூரியனைக் கடந்துபோகப் போகிறது. அதை நம் ஜனங்களும் புரிந்துகொள்ள வேண்டும் என்று, உரையாடல் வடிவில் ஒரு சிறு நூல் எழுதினார். அது பல இந்திய மொழிகளில் வெளிவந்தது. இரண்டாவது, பஞ்சாங்கம். வாக்கியமா, திருக்கணிதமா என்ற பேச்சு அடிபடாத தமிழ்க் குடும்பம் இல்லை. சனிப்பெயர்ச்சி எந்தத் தேதி என்பதில் இன்றும் இரண்டு பஞ்சாங்கங்களும் வேறுபடுகின்றன. பழைய வாக்கியங்கள் காலப்போக்கில் வானத்திலிருந்து விலகிவிட்டன, தொலைநோக்கியில் தெரிவதோடு பொருந்தும்படி கணக்கைத் திருத்த வேண்டும் என்று வாதாடியவர் ரகுநாதாச்சாரி. வாதத்தோடு நிற்காமல் திருக்கணித பஞ்சாங்கத்தைத் தாமே கணித்து வெளியிட்டார். இரவில் கம்பெனி காலத்துத் தூண்களுக்கு நடுவே நட்சத்திரம் பார்த்தவர், அதே கணக்கை வீட்டுச் சுவரில் ஆணியில் தொங்கும் பஞ்சாங்கத்துக்குக் கொண்டுவந்தார். அன்றைக்குச் சாத்திர விஷயத்தில் கை வைக்க மிகுந்த துணிச்சல் வேண்டும். நம்மவர்களே நடத்தும் ஒரு வானாய்வகம் வேண்டும் என்று 1874இல் பச்சையப்பன் மண்டபத்தில் பேசினார். அது கைகூடுமுன் 1880இல் காலமானார்.

இனி மழைக்கு வருவோம். வானத்தைப் பார்க்கிறவர்கள் காற்றழுத்தமும் வெப்பமும் பார்க்காமல் இருக்க முடியாது. ஒளி வளைவதைக் கணக்கிட அவை தேவை. அப்படித் துணைவேலையாகத் தொடங்கிய பதிவுகளின் தொடர்ச்சிதான் இன்றைய மழைக் கணக்கு. மதராஸின் மாத மழையளவு 1813 முதல் கிடைக்கிறது. உலகில் இவ்வளவு நீண்ட மழைக் கணக்கு உள்ள ஊர்கள் அதிகம் இல்லை. 1881 முதல் மதராஸ் அரசின் வானிலை அறிக்கையாளராக இருந்தவர் ஒரு பெண், போக்சனின் மகள் ஐசிஸ். 1873இல் அப்பாவுக்கு உதவியாளராகச் சேர்ந்து 25 ஆண்டுகள் வேலை பார்த்தார். 1886இல் ராயல் வானியல் சங்க உறுப்பினர் பதவிக்கு அவர் பெயரை முன்மொழிந்தபோது, பெண்ணுக்கு இடமில்லை என்று அது நின்றுபோனது. இடம் கிடைத்தது 1920இல்.

1870களின் கடைசியில் தாது வருஷப் பஞ்சம் தென்னாட்டைச் சூறையாடியது. சூரியனில் தோன்றும் கரும்புள்ளிகளுக்கும் மழை பொய்ப்பதற்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வி அதன்பின் வலுத்தது. சூரியனைப் படிக்க மேகமும் புழுதியும் குறைந்த மலை வேண்டும் என்று கொடைக்கானலைத் தேர்ந்தெடுத்தார்கள். 1899இல் வானியல் வேலை மலையேறிவிட்டது. மழையும் காற்றும் அளக்கும் வேலை நுங்கம்பாக்கத்திலேயே தங்கியது. டாப்பிங்கின் கட்டடம் இப்போது இல்லை. தூண் வளாகத்துக்குள் இருக்கிறது. அக்கம்பக்கத்துப் பள்ளிகள் அனுமதி கேட்டுப் பிள்ளைகளை அங்கே அழைத்துப் போனால், ரகுநாதாச்சாரியின் பெயரையும் சேர்த்துச் சொல்லட்டும்.

அடுத்த வாரம் பரங்கிமலை. 1802இல் லாம்டன் அங்கிருந்து பெரும்பாக்கம் பக்கம் ஏழரை மைலுக்குச் சங்கிலி பிடித்து அளந்த ஒரு கோட்டின் கதை.

(தொடரும்)