பழைய மிட்சுபிசி லான்சர் வாங்குதல்

இந்தியாவில் குறைந்த செலவில் ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை உடைமையாக்க விரும்புவோருக்கு எஞ்சியுள்ள வழிகளுள் பழைய மிட்சுபிசி லான்சர் வாங்குதல் ஒன்றாகும். லான்சரும் அதன் அடுத்த தலைமுறையான செடியாவும் தமிழ்நாட்டின் திருவள்ளூர் மாவட்டத்தில் உற்பத்தி செய்யப்பட்டவை. இவற்றின் உற்பத்தி 2010களின் முதற்பகுதியில் நின்றுவிட்டதால், இன்று சந்தையில் உள்ளவை அனைத்தும் பழைய வண்டிகளே. விற்பனை விலை குறைவாகத் தெரிந்தாலும் துரு, உதிரிப்பாகத் தட்டுப்பாடு, பதிவுப் புதுப்பிப்பு ஆகிய மூன்றும் உண்மைச் செலவைத் தீர்மானிக்கின்றன. இவற்றுள் துரு குறித்துத் தனியே அறிய வேண்டும். ஆலை அமைந்த அதே மாவட்டத்தின் கிழக்கு எல்லையில் பழவேற்காடு ஏரியும் வங்கக் கடலும் உள்ளன. அங்குள்ள மீனவக் குப்பங்களில் வாழ்ந்த வண்டிக்கும் திருத்தணிப் பக்கம் வாழ்ந்த வண்டிக்கும் வயது ஒன்றாக இருந்தாலும் உடல்நிலை ஒன்றாக இராது.

ஏன் இறக்குமதி செய்ய இயலாது?

ஜப்பானில் பயன்படுத்தப்பட்ட பழைய வண்டிகள் உலகின் பல நாடுகளுக்கு ஏற்றுமதியாகின்றன. கனடாவில் 15 ஆண்டும் அமெரிக்காவில் 25 ஆண்டும் கடந்த வண்டிகளுக்கு உள்நாட்டுப் பாதுகாப்புத் தரவிதிகளிலிருந்து விலக்கு உண்டு. எனவே டொராண்டோவில் வாழும் தமிழர் ஒருவர் 1990களின் ஜப்பானிய வண்டியைச் சட்டப்படி வரவழைத்து ஓட்டலாம். இலங்கையில் ஜப்பானிலிருந்து வரும் ‘ரீகண்டிஷன்’ வாகனங்கள் நெடுங்காலமாகப் பழக்கத்தில் உள்ளன. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரியில் மீண்டும் திறந்துவிடப்பட்டது.

இந்தியாவின் விதி இதற்கு நேர்மாறானது. இங்கு பயன்படுத்திய தானுந்து இறக்குமதி செய்யப்பட வேண்டுமாயின் அது மூன்று ஆண்டுக்கு மேற்பட்டதாக இருத்தல் கூடாது. மும்பைத் துறைமுகம் வழியாக மட்டுமே வரவேண்டும். தீர்வையும் மிக அதிகம். அதாவது வண்டி பழையதானால் கனடாவில் கதவு திறக்கிறது, இந்தியாவில் மூடுகிறது. ஆகவே ‘ஜப்பானிலிருந்து வந்த பழைய ஸ்போர்ட்ஸ் கார், மலிவு விலை’ என்று எவரேனும் விற்க முன்வந்தால், முதலில் பார்க்க வேண்டியது எஞ்சினை அன்று, சுங்க ஆவணங்களை.

வரலாறு

சென்னை வட்டாரத்தின் தானுந்துப் பந்தய மரபு லான்சருக்கு மிக முற்பட்டது. பழவேற்காட்டிற்குத் தென்மேற்கே, இதே மாவட்டத்தில் உள்ள சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல ஆண்டுகள் பந்தயங்களை நடத்தியது. பின்னர் இருங்காட்டுக்கோட்டையில் தனி ஓடுதளம் அமைந்தது.

லான்சர் 1973 இல் ஜப்பானில் அறிமுகமானது. கென்யாவில் வாழ்ந்த இந்திய வம்சாவளி ஓட்டுநரான ஜோகிந்தர் சிங் 1974 இலும் 1976 இலும் லான்சரை ஓட்டிக் கிழக்காப்பிரிக்க சபாரி ராலியை வென்றார். பின்லாந்தின் டாமி மாக்கினென் 1996 முதல் 1999 வரை தொடர்ந்து நான்கு முறை உலக ராலி வாகையர் ஆனதும் லான்சர் எவல்யூஷன் வண்டியில்தான். அந்தப் புகழ் உச்சத்தில் இருந்த 1998 இல், இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் மிட்சுபிசியின் நுட்பத் துணையுடன் திருவள்ளூர் ஆலையில் லான்சர் உற்பத்தியைத் தொடங்கியது. அம்பாசடர் என்ற பெயரோடு பெரிதும் அறியப்பட்ட நிறுவனம் இத்தகைய வண்டியைத் தந்தது அக்காலத்தில் பலருக்கு வியப்பளித்தது.

இந்திய லான்சருக்கும் எவல்யூஷனுக்கும் பெயரும் உருவச் சாயலும் தவிர ஒற்றுமை குறைவு. எவல்யூஷனில் டர்போ எஞ்சினும் நான்கு சக்கர இயக்கமும் இருந்தன. திருவள்ளூர் வண்டியில் 1468 கன செ.மீ. பெட்ரோல் எஞ்சினோ 2 லிட்டர் டீசல் எஞ்சினோ முன்சக்கரங்களை இயக்கின. டீசல் வகையைத் தொலைவுப் பயணத்துக்கு உழைக்கும் வண்டி எனலாம். வேகத்தை அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது. 2006 இல் வந்த செடியாவில் 1999 கன செ.மீ. பெட்ரோல் எஞ்சின் இருந்தது. ஆற்றல் ஏறத்தாழ 115 குதிரைத்திறன். இந்திய தேசிய ராலிப் போட்டிகளில் செடியா பரவலாக ஓடியது. உண்மையான எவல்யூஷன் 10, 2010 இல் முழு வண்டியாக இறக்குமதி செய்யப்பட்டு விற்கப்பட்டது. அது இக்கட்டுரையின் செலவு வரம்பில் அடங்காது.

2014 இல் ஆலை இந்துஸ்தான் மோட்டார்ஸிலிருந்து பிரிக்கப்பட்டு, அதே பிர்லா குழுமத்தின் வேறொரு நிறுவனத்திடம் சென்றது. இசுசூ வண்டிகள் சிலகாலம் அங்கு பூட்டப்பட்டன. 2016 இல் இசுசூ, பழவேற்காடு ஏரிக்கு மேற்கே ஆந்திரத்தின் ஸ்ரீசிட்டியில் அமைத்த சொந்த ஆலைக்கு மாறியது. திருவள்ளூர் ஆலை இப்போது சிட்ரோன் வண்டிகளைத் தயாரிக்கிறது.

எதைத் தேர்வது?

ஓட்டும் இன்பமே நோக்கம் எனில் செடியா மேல். பின்சக்கரத் தாங்கமைப்பு சிறந்தது. வளைவுகளில் உறுதியாக நிற்கும். ஆனால் செலவைக் கணக்கிடுவோர் எஞ்சின் கொள்ளளவை மறத்தல் ஆகாது. 2022 இல் அறிவிக்கப்பட்ட மூன்றாம் தரப்புக் காப்பீட்டுக் கட்டணம், 1000 முதல் 1500 கன செ.மீ. வரையிலான வண்டிக்கு ஆண்டுக்கு 3,416 ரூபாய்; 1500 ஐத் தாண்டினால் 7,897 ரூபாய். லான்சர் 1.5 முதல் வகுப்பிலும் செடியா இரண்டாம் வகுப்பிலும் வருகின்றன. எரிபொருள் செலவிலும் இதே வேறுபாடு தொடரும்.

லான்சர் 1.5 இன் இன்னொரு வசதி, அதன் எஞ்சின் தனித்த ஒன்று அன்று என்பது. 4ஜி15 எனப்படும் அக்குடும்பத்தை மலேசியாவின் புரோட்டோன் நிறுவனம் சாகா, வீரா வண்டிகளில் பொருத்தியது. இதனால் எஞ்சினின் உட்பாகங்கள் கிடைப்பது முற்றிலும் அற்றுப்போகவில்லை. செடியாவுக்கு இந்த ஆறுதல் குறைவு. வெளித்தகடு, விளக்கு, கண்ணாடி, உட்புற நெகிழிப் பாகங்கள் ஆகியவை இரண்டிற்கும் கடினம். சென்னை புதுப்பேட்டையில் தேடவோ, உடைக்கப்படும் வேறொரு வண்டிக்காகக் காத்திருக்கவோ நேரிடும். எனவே உடைந்த முன்விளக்கைக் காட்டி விற்பவர் சிறிது விலை குறைத்தால், வாங்குபவர் அதை ஆதாயமாகக் கொள்ளலாகாது.

கடற்கரை வண்டிகள்

பழவேற்காடு சென்னைக்கு வடக்கே சுமார் 60 கி.மீ. தொலைவில், கடலுக்கும் உவர்நீர் ஏரிக்கும் இடையில் உள்ளது. இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியான இதனைக் கடலிலிருந்து பிரிப்பது மணல்திட்டு மட்டுமே. லைட்ஹவுஸ் குப்பம், கோட்டைக்குப்பம் போன்ற ஊர்களில் இருபுறமும் உப்புநீர். இங்கு நிறுத்தப்படும் வண்டியின் மீது காற்றோடு வரும் உப்பு படிகிறது.

உப்பு படிவதனால் மட்டும் இரும்பு துருப்பிடிப்பதில்லை, ஈரம் வேண்டும். சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டும்போது தானே ஈரத்தை இழுத்துக் கரைசலாகிறது. கடற்கரை இரவுகளில் இந்த அளவு எளிதில் எட்டப்படும். மழை பெய்யாவிட்டாலும், வண்டி ஓடாவிட்டாலும், தகட்டின் மீது மெல்லிய உப்புநீர்ப் படலம் ஒவ்வோர் இரவும் உருவாகிறது. அது மின்னைக் கடத்துவதால் துருப்பிடிக்கும் மின்வேதி வினை விரைகிறது. குளோரைடு அயனி, இரும்பின் மேல் உருவாகும் காப்புப் படலத்தையும் குலைக்கிறது. வண்டியை மூடிவைப்பதும் பல வேளைகளில் தீங்கே. காற்றுப் புகாத நெகிழி உறை ஈரத்தை உள்ளேயே அடைத்து வைக்கும்.

மற்றொரு காரணத்தை வாங்குவோர் எண்ணிப் பார்ப்பதில்லை. மீன், இறால், நண்டுப் பெட்டிகளை ஏற்றிச் சென்ற வண்டியின் பின்பெட்டியில் உருகிய பனிக்கட்டி நீர் உப்போடு கலந்து வடிந்திருக்கும். மேலுள்ள விரிப்பு மாற்றப்பட்டுப் புதிதாக இருக்கலாம். விரிப்பைத் தூக்கி, மாற்றுச் சக்கரத்தை வெளியே எடுத்து, அதன் குழியில் தகடு எப்படி உள்ளது என்று பார்க்க வேண்டும். நறுமணத் தெளிப்பு மிகுதியாக அடித்த வண்டியில் இதை இருமுறை பார்ப்பது நலம்.

துரு தேட வேண்டிய பிற இடங்கள்: கதவுகளின் கீழ் விளிம்பு, கதவுக்கடியில் ஓடும் பெட்டித்தகடு, சக்கர வளைவுகளின் உட்புறம், அதிர்வுதாங்கி பொருந்தும் மேற்பகுதி, மின்கலம் அமரும் தட்டு, பிரேக் எண்ணெய்க் குழாய்கள். மேற்பரப்பில் பழுப்பு நிறம் மட்டும் இருந்தால் தேய்த்துப் பூசிச் சரிசெய்யலாம். திருப்புளியின் பிடியால் தட்டும்போது ஒலி மந்தமாகி, தகடு உதிர்ந்தால் அது வேறு கதை. தாங்கமைப்பு பொருந்தும் இடத்தில் ஓட்டை இருப்பின் வண்டியை விட்டுவிடுவதே முறை. எத்தனை விலை குறைத்தாலும் அது மலிவாகாது. சிறு காந்தம் ஒன்றைக் கையில் கொண்டு செல்வது பயன்தரும். தகட்டில் ஒட்டிய காந்தம் ஓரிடத்தில் மட்டும் நழுவினால், அங்கு வண்ணத்தின் அடியில் பட்டி பூசப்பட்டுள்ளது. விற்பனைக்குச் சற்று முன் அடிப்பாகம் முழுதும் பளபளப்பான கரும்பூச்சு பெற்ற வண்டியும் ஐயத்துக்குரியது.

மின்னிணைப்புகளிலும் உப்பு புகும். செம்புக் கம்பி முனைகளில் பச்சைப் பொடி காணப்பட்டால், நிலையற்ற சிறு கோளாறுகள் பின்னர் தொடர்ந்து வரும். இவற்றைக் கண்டுபிடிக்கும் கூலி, சரிசெய்யும் கூலியை விட அதிகம்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகள்

2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்சாங் புயலிலும் சென்னை வட்டாரத்தில் ஏராளமான வண்டிகள் நீரில் மூழ்கின. அவற்றுள் பல பழுதுபார்க்கப்பட்டு விற்கப்பட்டன. இருக்கைப் பட்டையை முழுநீளத்துக்கும் இழுத்துப் பார்த்தால், சுருளின் கடைசிப் பகுதியில் சேற்றுக்கோடு தெரியும். அதைக் கழுவுவது பெரும்பாலோருக்குத் தோன்றுவதில்லை. இருக்கை நகரும் தண்டவாளத்தின் துருவும், விளக்குக் கண்ணாடிக்குள் வண்டல் படிவும் துணைச் சான்றுகள்.

எஞ்சின்

வண்டியைக் காலையில், எஞ்சின் குளிர்ந்த நிலையில், வாங்குபவரே இயக்கிப் பார்த்தல் வேண்டும். போய்ச் சேரும்போதே மூடி சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லலாம். நீலப்புகை எண்ணெய் எரிவதையும், நீங்காத வெண்புகை குளிர்நீர் உள்ளே கசிவதையும் காட்டும்.

லான்சர், செடியா எஞ்சின்களில் டைமிங் பெல்ட் உள்ளது. இது இரப்பர் ஆதலால் ஓடிய தொலைவு மட்டுமன்றி ஆண்டுகளும் அதை முதுமையாக்கும். மாற்றியதற்கான ரசீது இல்லையெனில் மாற்றப்படவில்லை என்றே கொண்டு, பெல்ட், இழுவிசை உருளை, நீர் இறைப்பி ஆகியவற்றின் செலவை விலையோடு கூட்டிக்கொள்ள வேண்டும். ஓடுகையில் அது அறுந்தால் எஞ்சின் நின்றுவிடும், வால்வுகளும் சேதமடையக்கூடும்.

அண்மைக் காலச் சிக்கல் ஒன்றும் உண்டு. 2025 அளவில் இந்தியாவில் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் பரவலாகிவிட்டது. இவ்வண்டிகள் அதற்கென வடிவமைக்கப்பட்டவை அல்ல. எத்தனால் நீரை ஈர்க்கும். பழைய இரப்பர் குழாய்களை இளக்கும். நெடுநாள் ஓடாமல் நின்ற வண்டியில் எரிபொருள் தொட்டியின் உட்புறத்தையும் குழாய்களையும் சோதித்தல் தேவை.

ஆவணங்கள்

தனியார் தானுந்தின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பின்னர் தகுதிச் சோதனையில் தேறினால் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கலாம். 2022 ஏப்ரல் முதல் 15 ஆண்டு கடந்த தானுந்துக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 5,000 ரூபாய். 20 ஆண்டு கடந்தவற்றுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. தமிழ்நாட்டில் பசுமை வரியும் உண்டு. தொடக்க கால லான்சர்கள் யாவும் 20 ஆண்டைத் தாண்டிவிட்டன. பதிவு முடிந்த வண்டியைப் ‘புதுப்பித்துக் கொள்ளலாம்’ என்ற சொல்லை நம்பி வாங்குவதை விட, விற்பவரே புதுப்பித்துத் தரக் கேட்பது நன்று. சோதனையில் தேறுமா என்ற இடர் அப்போது அவரிடமே இருக்கும்.

பழவேற்காட்டிலிருந்து ஆந்திர எல்லை அருகில் என்பதால் அம்மாநிலப் பதிவு வண்டிகளும் விலைக்கு வருகின்றன. இவற்றுக்குத் தடையின்மைச் சான்று பெற்று, தமிழ்நாட்டில் மறுபதிவு செய்து, இங்குள்ள வரியையும் செலுத்த வேண்டும். கடன் தீர்ந்தும் பதிவுச் சான்றிதழில் வங்கியின் பெயர் நீக்கப்படாதிருப்பது மிகப் பொதுவான தடை. அடிச்சட்ட எண்ணையும் எஞ்சின் எண்ணையும் வண்டியிலேயே படித்துச் சான்றிதழோடு ஒப்பிடுதல் வேண்டும். ஆர்வலர்கள் எஞ்சினை மாற்றிய வண்டிகளில் இது முகாமையானது.

எவல்யூஷனைப் போலத் தோன்றுவதற்காக முகப்பும் பின்சிறகும் மாற்றப்பட்ட லான்சர்கள் உள்ளன. உற்பத்தியாளரின் மூலக் குறிப்புகளுக்கு மாறாக வாகனத்தை மாற்றியமைக்க இயலாது என்று 2019 சனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தகுதிச் சோதனையில் இம்மாற்றங்கள் சிக்கலாகும். கழற்றிவிட்டால் மூல முகப்பு கிடைப்பது அரிது.

கடலோரத்தில் பராமரிப்பு

நல்ல வண்டி ஒன்றை வாங்கிப் பழவேற்காடு போன்ற ஊரில் வைத்திருப்போர், கடற்படகின் எஞ்சினுக்கு விதிக்கப்படும் வழக்கத்தையே பின்பற்றலாம். உப்பு படிந்த எஞ்சின் பயன்பாட்டுக்குப் பின் நன்னீரால் கழுவப்படுகிறது. தானுந்துக்கும் வாரம் ஒருமுறையேனும் அடிப்பாகத்தையும் சக்கர வளைவுகளையும் நன்னீரால் கழுவுதல் வேண்டும். கிணற்று நீர் உவர்ப்பாக இருப்பின் அது பயன்படாது. கதவடிகளில் உள்ள வடிகால் துளைகள் மணலால் அடைபடும். மெல்லிய கம்பியால் குத்தித் திறந்து, நீர் சொட்டுவதை உறுதிசெய்த பின்னரே வண்டியைக் காயவிட வேண்டும்.