பெட்ரோலும் கொதிக்கும்!

தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்று படித்திருக்கிறோம். பெட்ரோல் கொதித்தால் என்ன ஆகும்? போன கோடையில் நான் நேரிலேயே தெரிந்துகொண்டேன்.

அக்கினி நட்சத்திர நேரம். அம்மாச்சிக்கு மதுரையில் கண் ஆபரேஷன். 2 மணிக்குள் வரச் சொல்லியிருந்தார்கள். மாமா தன் பழைய பெட்ரோல் காரில் கம்பத்திலிருந்து வைகை அணைக்கு வந்தார். எங்கள் வீட்டு வாசலில் வெயிலிலேயே காரை நிறுத்திவிட்டு, மோர் குடித்தார். கால் மணி நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினால் செல்ஃப் சுத்துது, கார் மட்டும் ஸ்டார்ட் ஆகல! "இந்தத் தேதிய விட்டா இனி எப்பக் கெடைக்குமோ" என்று அம்மாச்சி கலங்கிவிட்டார்.

வேடிக்கை பார்த்த ஒருவர், "கார்புரேட்டர்ல கொஞ்சம் பெட்ரோல ஊத்துங்க" என்றார். "வேணாம்ணே, இன்ஜின் சூடா இருக்கு, தீப்பிடிச்சிரும்" என்றார் மாமா. பானெட்டைத் திறந்து, "மாப்ள, ஒரு பழைய துணிய நனைச்சு எடுத்துட்டு வாடா" என்றார். அதைப் பெட்ரோல் பம்பின் மேல் சுற்றினார். துணி காயக் காய நான் தண்ணீர் தெளித்தேன். 20 நிமிஷம் கழித்து வண்டி கிளம்பிவிட்டது!

காரணம் என்ன? பெட்ரோல் பல திரவங்களின் கலவை. அதில் லேசானவை 40 டிகிரி வாக்கிலேயே கொதிக்கத் தொடங்கும். பழைய கார்களில் பம்பு இன்ஜினோடு ஒட்டியிருக்கும். ஓடும்போது காற்று பட்டுச் சூடு தணியும். நிறுத்தியதும் இன்ஜின் சூடு பம்புக்கு ஏறும். உள்ளே பெட்ரோல் ஆவியாகிவிடும். தோட்டத்து மோட்டார் காத்து வாங்கினால் தண்ணீர் எடுக்காது அல்லவா? அதே கதைதான். இதற்கு 'வேப்பர் லாக்' என்று பெயர்.

ஈரத்துணி எப்படிச் சரிசெய்தது? தண்ணீர் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொள்ளும், மண்பானை மாதிரி. ஆவியால் வந்த வினை ஆவியாலேயே போனது!

இப்போதைய கார்களில் பம்பு டேங்குக்குள் இருந்து அழுத்தத்தோடு பெட்ரோலைத் தள்ளுகிறது. குக்கரில் போல, அழுத்தம் கூடினால் கொதிநிலையும் கூடும். அதனால் இந்தத் தொல்லை குறைவு.

பழைய கார் உள்ள வீட்டாருக்கு:
1. நிழலில் நிறுத்துங்கள். கொஞ்ச நேரம் பானெட்டைத் திறந்து வையுங்கள்.
2. பெட்ரோல் குழாய் சைலன்சர் பைப்பை ஒட்டிப் போனால் மெக்கானிக்கிடம் சொல்லி விலக்குங்கள்.
3. செல்ஃபை விடாமல் அடிக்காதீர்கள். பேட்டரி இறங்கிவிடும்.
4. சூடான இன்ஜின் மேல் தண்ணீரைக் கொட்டாதீர்கள். விரிசல் விழலாம். பம்பில் மட்டும் ஈரத்துணி போதும்.
5. பெட்ரோல் கசிந்தால் செல்ஃப் அடிக்கவே கூடாது.

அன்று 1.45க்கு மதுரை போய்ச் சேர்ந்தோம். இப்போது அம்மாச்சி ஊசியில் தானே நூல் கோர்க்கிறார். மாமா கார் டிக்கியில் எப்போதும் ஒரு பாட்டில் தண்ணீரும் பழைய துணியும் இருக்கின்றன.

– 9ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்