கால்கரியில் ஏர்கோன் மாட்ட 18,000 ரிங்கிட்: குளிர் ஊரில் ஏன் இந்தச் செலவு?

கனடாவின் கால்கரி நகரில் வேலை செய்யும் பிள்ளை, "வீட்டுக்கு ஏர்கோன் போட 6,000 டாலர் கேட்கிறார்கள்" என்று தொலைபேசியில் சொன்னால் இங்கே இருக்கும் பெற்றோருக்கு உடனே இரண்டு கேள்விகள் எழும். பனி கொட்டும் ஊரில் ஏர்கோன் எதற்கு? அப்படியே தேவை என்றாலும் 18,000 ரிங்கிட்டா? இரண்டும் நியாயமான கேள்விகள்தாம். பெட்ரோனாசின் கனடா நிறுவனத்துக்குத் தலைமை அலுவலகம் கால்கரியில்தான் இருக்கிறது. எண்ணெய், எரிவாயுத் துறையை நம்பி அந்த ஊருக்குப் போகும் குடும்பங்களுக்கு இது பொது அறிவுச் செய்தி அல்ல, வீட்டுக் கணக்கு.

கால்கரி கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கும் மேலே, ராக்கி மலைத்தொடருக்குக் கிழக்கே இருக்கிறது. ஜனவரி இரவுகளில் சராசரியாகப் பூஜ்யத்துக்குக் கீழே 13 டிகிரி வரை இறங்கும். ஜூலையில் பகல் சராசரி 23 டிகிரி, இரவு 10 டிகிரி. அவர்களுடைய நடுக்கோடை இரவு நம் கேமரன் மலை இரவைவிடக் குளிரானது. காற்றும் வறண்டது. குளிர்காலத்தில் உதடு வெடிக்கும், மூக்கில் ரத்தம் கசியும். அதனால் வீட்டுக் காற்றில் ஈரம் சேர்ப்பதற்கென்றே ஒரு கருவி வைத்திருப்பார்கள். நாம் இங்கே ஏர்கோன் போட்டு, காற்றில் இருக்கும் ஈரத்தைப் பிழிந்து வாளி வாளியாக வெளியே விடுகிறோம்!

இப்படிப்பட்ட ஊரில் ஏர்கோன் ஆடம்பரம் என்றுதான் பல ஆண்டுகளாக எல்லாரும் நினைத்திருந்தார்கள். 2021 ஜூன் மாதக் கடைசி வாரம் அந்த எண்ணத்தை மாற்றியது. கனடாவின் மேற்குப் பகுதியை வெப்ப அலை மூடியது. அண்டை மாநிலமான பிரிட்டிஷ் கொலம்பியாவில் லிட்டன் என்ற சிற்றூரில் ஜூன் 29ஆம் தேதி 49.6 டிகிரி பதிவானது. மறுநாள் அந்த ஊரே தீயில் எரிந்து போனது. கால்கரியிலும் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டியது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் மட்டும் அந்த ஒரு வாரத்தில் வெப்பத்தால் 619 பேர் இறந்தார்கள் என்று அம்மாநில மரண விசாரணை அலுவலகம் பின்னர் அறிவித்தது. அவர்களில் 98 விழுக்காட்டினர் இறந்தது வெயிலில் நின்று அல்ல, கட்டடத்துக்குள்ளே. மூன்றில் இரண்டு பங்கினர் 70 வயதை எட்டியவர்கள். பாதிக்கு மேற்பட்டோர் தனியாக வாழ்ந்தவர்கள்.

இதற்குக் காரணம் வீடுதான். குளிரைத் தடுக்கக் கட்டிய வீடு வெப்பத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். சுவருக்குள் பஞ்சு அடைத்திருப்பார்கள். மேற்குப் பார்த்த பெரிய கண்ணாடிச் சன்னல் இருக்கும். ஜூன் மாதத்தில் சூரியன் மறைய இரவு 9.45 ஆகிவிடும். மாலை முழுக்க வெயில் உள்ளே விழுந்தால் மாடி அறை அடுப்புதான். இரவு குளிர்ந்ததும் சன்னலைத் திறந்துவிட்டால் சரியாகிவிடும், உண்மை. ஆனால் காட்டுத்தீ காலத்தில் சன்னலைத் திறக்க முடியாது. 2018, 2023 கோடைகளில் கால்கரி மக்கள் நாள் கணக்கில் புகைக்குள் இருந்தார்கள். நம் ஊரில் புகைமூட்டம் வந்தபோது கதவடைத்துக் கிடந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இனி விலை. நாம் ஏர்கோன் என்றால் ஓர் அறைக்கு ஒன்று என்று நினைக்கிறோம். ஒரு எச்பி ஏர்கோனைப் பொருத்தும் கூலியோடு சேர்த்து 1,500 ரிங்கிட் சுற்றி முடித்துவிடலாம். கால்கரியில் வீடு கட்டும் முறையே வேறு. பெரும்பாலான வீடுகளில் நிலவறையில் எரிவாயுவில் ஓடும் 'பர்னஸ்' என்ற வெப்பமூட்டி இருக்கும். அது காற்றைச் சூடாக்கி, தகரக் குழாய்கள் வழியாக எல்லா அறைகளுக்கும் தள்ளும். ஏர்கோன் போடுவது என்றால், அந்த பர்னசுக்கு மேலே குளிர்விக்கும் சுருளை வைத்து, வீட்டுக்கு வெளியே கம்ப்ரசர் பெட்டியை நிறுத்தி, இரண்டையும் செம்புக் குழாயால் இணைப்பது. பர்னசின் விசிறியே குளிர்ந்த காற்றையும் வீடு முழுக்கத் தள்ளும். ஆக, அவர்கள் விலை கேட்பது ஓர் அறைக்கு அல்ல, மொத்த வீட்டுக்கு.

அளவை அங்கே 'டன்' என்று சொல்வார்கள். ஒரு டன் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது இழுக்கும் வெப்பம் எவ்வளவோ அதுதான் கணக்கு. பனிக்கட்டி விற்ற காலத்தில் வந்த சொல். ஒரு டன் என்பது ஏறக்குறைய நம் ஒன்றரை எச்பி. நடுத்தர வீட்டுக்கு இரண்டிலிருந்து மூன்று டன் போதும். வேலை எல்லாம் சேர்த்து சுமார் 5,000 முதல் 8,000 கனடிய டாலர் ஆகும். ஒரு டாலருக்கு மூன்று ரிங்கிட் என்று வைத்தால் 15,000 முதல் 24,000 ரிங்கிட். மேலே ஐந்து விழுக்காடு ஜிஎஸ்டி.

இதில் பெட்டியின் விலை ஒரு பங்குதான். ஆல்பர்ட்டா மாநிலத்தில் குளிரூட்டி வேலையைச் சான்றிதழ் பெற்ற தொழிலாளிதான் செய்யலாம். தெரிந்த தம்பியை அழைத்து ஞாயிற்றுக்கிழமை மாட்டிக்கொள்வதெல்லாம் அங்கே நடக்காது. மின்கம்பி இழுக்கத் தனி அனுமதி வேண்டும். பழைய வீட்டின் மின்பெட்டி சிறியதாக இருந்தால் அதையும் மாற்ற வேண்டும், அது இன்னும் ஆயிரக்கணக்கில் போகும். பர்னஸ் விசிறி குளிர்ந்த காற்றைத் தள்ளப் போதுமான பலம் உள்ளதா என்றும் பார்க்க வேண்டும்.

ஆனால் என்னைக் கேட்டால், உண்மையான செலவு ரசீதில் தெரியாது. அது சும்மா கிடக்கும் நேரத்தில் இருக்கிறது. ஒரு கோடையில் 300 மணி நேரம் ஏர்கோன் ஓடுகிறது, கருவி 15 ஆண்டு உழைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 18,000 ரிங்கிட்டை அந்த 4,500 மணி நேரத்துக்குப் பங்கிட்டால், மின்கட்டணம் இல்லாமலே மணிக்கு நான்கு ரிங்கிட். நம் வீட்டில் இரவுக்கு எட்டு மணி நேரம், ஆண்டு முழுக்க, பத்து ஆண்டு ஓடும் 1,500 ரிங்கிட் ஏர்கோனுக்கு மணிக்கு ஐந்து சென். மூன்று அறைக்கு மூன்று போட்டாலும் 15 சென்தான். மின்கட்டணத்தில் நிலைமை நேர்மாறு. நமக்கு டிஎன்பி பில் மாதம் தவறாமல் வரும். அவர்களுக்கோ மூன்று டன் கருவி மணிக்கு மூன்று யூனிட் இழுத்தாலும் கோடைக்கு 900 யூனிட்டோடு முடிந்தது. நெடுநல்வாடையில், குளிர்காலம் வந்ததும் மடக்கி மாட்டிய விசிறியில் சிலந்தி நூல் கட்டியிருக்கும். கால்கரி வீட்டின் கம்ப்ரசர் பெட்டிக்கும் ஆண்டில் ஒன்பது, பத்து மாதம் அதே நிலைதான். பனியில் கிடக்கும். வெளியே 15 டிகிரிக்குக் கீழே இறங்கினால் வழக்கமான ஏர்கோனை ஓட்டவும் கூடாது, கம்ப்ரசர் கெட்டுவிடும்.

வறண்ட காற்றால் ஓர் ஆதாயம் உண்டு. நம் ஏர்கோனின் உழைப்பில் கணிசமான பங்கு ஈரத்தை எடுப்பதற்கே போகிறது. அங்கே அந்தச் சுமை மிகக் குறைவு, அதனால் சிறிய கருவியே போதும். இன்னொரு வழி, ஈரத் திண்டின் வழியாகக் காற்றை இழுக்கும் ஏர்கூலர். வெளியே 30 டிகிரி, ஈரப்பதம் 25 விழுக்காடு என்றால் அது காற்றைச் சுமார் 20 டிகிரிக்குக் கொண்டுவந்துவிடும். இங்கே அதையே வாங்கி ஏமாந்தவர்கள் பலர். 32 டிகிரியும் 70 விழுக்காடு ஈரமும் உள்ள நம் காற்றை அது 27 டிகிரிக்குக் கீழே இறக்க முடியாது, வீடும் பிசுபிசுக்கும். ஆனால் கால்கரியிலும் அதற்கு ஒரு சிக்கல் இருக்கிறது. ஏர்கூலர் ஓடச் சன்னல் திறந்திருக்க வேண்டும். புகை நாளில் அது உதவாது.

அப்படியானால் என்ன செய்வது? வீட்டில் வயதானவர்கள், கைக்குழந்தை, இதய நோயாளி இருந்தால் ஓர் அறையையாவது குளிர வைக்க வழி வேண்டும். 2021க்குப் பிறகு பிரிட்டிஷ் கொலம்பியா அரசும் அப்படித்தான் யோசித்தது. வசதி குறைந்த, ஆபத்தில் உள்ள குடும்பங்களுக்கு 8,000 ஏர்கோன்களை இலவசமாகக் கொடுக்க 2023இல் ஒரு கோடி டாலர் ஒதுக்கியது. உருட்டிச் செல்லும் சிறிய கருவி 500 முதல் 800 டாலருக்குக் கிடைக்கும். ஒற்றைக் குழாய் உள்ளதை வாங்காமல் இரட்டைக் குழாய் உள்ளதை வாங்குவது நல்லது. ஒற்றைக் குழாய்க் கருவி அறைக் காற்றையே வெளியே தள்ளும், அந்த இடத்தை நிரப்ப வெளிப்புகை கதவிடுக்கு வழியாக உள்ளே வரும். கால்கரியில் கைப்பிடி சுற்றித் திறக்கும் சன்னல்கள் அதிகம். கடையில் தரும் பலகை அவற்றில் பொருந்தாது, அளந்துவிட்டு வாங்க வேண்டும்.

பர்னசே பழசாகி மாற்றும் நிலையில் இருந்தால் கணக்கு வேறு. கோடையில் குளிரூட்டி, குளிர்காலத்தில் வெப்பமூட்டும் 'ஹீட் பம்ப்' என்ற கருவியை அப்போது யோசிக்கலாம். விலை 10,000 டாலரைத் தாண்டும், ஆனால் ஆண்டு முழுக்க உழைக்கும். கடுங்குளிருக்கென்றே செய்தவை பூஜ்யத்துக்குக் கீழே 25 டிகிரியிலும் ஓடும். அதற்கும் கீழே போகும் நாள்களுக்கு பர்னஸ் துணைக்கு இருக்க வேண்டும். மத்திய அரசு 2021இல் தொடங்கிய 5,000 டாலர் வரையிலான உதவித்தொகை 2024இல் புதிய விண்ணப்பங்களுக்கு மூடப்பட்டுவிட்டது. எரிவாயு மலிவான ஆல்பர்ட்டாவில், மின்சாரத்தில் ஓடும் கருவி போட்ட பணத்தைத் திருப்பித் தர நாளாகும்.

முழு வீட்டுக்கும் போடத்தான் வேண்டும் என்று முடிவெடுத்தால், விலையை ஜூன் மாதத்தில் கேட்க வேண்டாம். முதல் வெயில் அடித்ததும் ஊரே ஒரே நேரத்தில் அழைக்கும். மார்ச், ஏப்ரலிலோ அக்டோபரிலோ மூன்று இடத்தில் எழுத்தில் வாங்குங்கள். அனுமதிக் கட்டணமும் மின்பெட்டி வேலையும் அதில் சேர்ந்திருக்கிறதா, எத்தனை டன் என்பதைச் சன்னல், சுவர், கூரை பார்த்துக் கணக்கிட்டார்களா, வீட்டுச் சதுர அடியை மட்டும் கேட்டுவிட்டுச் சொன்னார்களா என்று பாருங்கள். பின்னது என்றால் அநேகமாகத் தேவைக்குமேல் ஒரு டன் கூடியிருக்கும்.