இறக்கி, எங்கே நிறுத்துவீர்கள்?

2010 நவம்பர் 4. சாங்கியிலிருந்து சிட்னிக்குக் கிளம்பிய குவாண்டாஸ் 32 விமானத்தின் இயந்திரம் ஒன்று, பாத்தாம் தீவுக்கு மேலே வெடித்தது. 469 பேருடன் விமானம் சாங்கிக்கே திரும்பித் தரையிறங்கியது. ஆனாலும் ஆபத்து தீரவில்லை. இறக்கையிலிருந்து எரிபொருள் ஒழுகியது. பிரேக்கின் வெப்பம் 900 டிகிரி செல்சியஸைத் தொட்டது. இன்னோர் இயந்திரத்தை நிறுத்த முயன்றும் அது நிற்கவில்லை.

“விமானி பயணிகளை உடனே வெளியேற்றியிருக்க வேண்டும்.” எங்கள் கல்லூரித் தமிழ் மன்ற விவாதத்தில் இதை ஆதரித்துப் பேசியவன் நான்.

“எல்லாரும் பிழைத்தார்களே!” என்றது எதிரணி.

“சாலையைப் பார்க்காமல் கடப்பவரும் சில நாள் தப்பிக்கிறார். அதனால் அவர் செய்தது சரியாகிவிடுமா?” என்று மடக்கினேன். கைதட்டல் கிடைத்தது.

அடுத்து எழுந்த மாணவி கேட்டது ஒரே கேள்வி: “இறக்கி, எங்கே நிறுத்துவீர்கள்?”

எனக்குப் பதில் வரவில்லை. அவசரச் சறுக்கில் இறங்குவோர் கால் வைப்பது எரிபொருள் சிந்திய தரையில். பக்கத்தில் ஓடும் இயந்திரம். சறுக்கும்போதே முதியவர்கள் காயப்படலாம். விமானத்துக்குள்ளோ தீ இல்லை. அதனால் தீயணைப்பாளர்கள் நுரை பீய்ச்ச, சிப்பந்திகள் ஆயத்தமாக இருக்க, விமானி ரிச்சர்ட் டி கிரெஸ்பினி காத்திருந்தார். ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்குப் பிறகே பயணிகள் படிக்கட்டு வழியாக இறங்கத் தொடங்கினர். ஒருவருக்கும் காயமில்லை.

விவாதத்தில் தோற்றேன். ஆனால் நான் சொன்ன ஒன்றை இன்றும் விடவில்லை: விளைவை வைத்து முடிவை எடைபோடக் கூடாது; அந்த நேரத்தில் தெரிந்ததை வைத்தே எடைபோட வேண்டும். அப்படிப் பார்த்தபோதுதான் புரிந்தது, காத்திருந்த விமானி சும்மா இருக்கவில்லை என்று.