முடி கொட்டினால் மாத்திரை மட்டும் போதுமா?

மூணாறு தேயிலைத் தோட்டத்துப் பெண்ணுக்கு முடி கொட்டினால், எண்ணெயை மாற்றுமுன் டீ குடிக்கும் நேரத்தைப் பாருங்கள். டீயிலுள்ள பாலிஃபினால்கள் சாப்பாட்டின் இரும்புச்சத்தைப் பிடித்துக்கொள்ளும். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடிப்பது நல்லது. இரும்பு குறைந்தால் முடியும் கொட்டலாம். ஆனால் சோகைக்கு எப்போதும் இரும்புக் குறைவே காரணமல்ல; அரிவாள் செல் நோயுள்ள அட்டப்பாடி போன்ற பகுதிகளில், சோகை என்றதும் இரும்பு மாத்திரை விழுங்கக் கூடாது. ரத்தப் பரிசோதனைதான் முதலில்.

ஆண்களின் வழுக்கை வேறு கதை. டிஎச்டி ஹார்மோன் மயிர்க்கால்களைச் சுருக்குகிறது. ஃபினாஸ்டரைடு என்ற மருந்து அந்த ஹார்மோனைக் குறைக்கும். மினாக்சிடில் என்ற மருந்து முடியின் வளர்ச்சிக் காலத்தை நீட்டும். இரண்டின் வேலையும் வேறுவேறு என்பதால்தான் சேர்த்துத் தருகிறார்கள். பலன் தெரியப் பல மாதங்கள் ஆகும். நிறுத்தினால் மீண்டும் கொட்டும். கர்ப்பிணிகள் உடைந்த ஃபினாஸ்டரைடு மாத்திரையைத் தொடவும் கூடாது.

முடிக்கென்று பலர் விழுங்கும் பயோட்டின் என்ற வைட்டமின், அதன் குறைபாடு இல்லாதவருக்குப் பெரிதாக உதவாது. தைராய்டு பரிசோதனை முடிவைக்கூடக் குழப்பிவிடும்.