பறவை வந்த பிறகுதான் திருவிழா

பள்ளியில் 'சுற்றுச்சூழல் ஓவியப் போட்டி' என்று அறிவித்துவிட்டால், முதல் நாள் ராத்திரி அப்பாக்கள் ஸ்டேஷனரிக் கடைக்கு ஓடுவார்கள். சார்ட், ஸ்கெட்ச் பேனா, தெர்மாகோல், ஜிகினா எல்லாம் வீட்டுக்கு வந்துவிடும். பூமி அழுவது போல ஒரு படம், அதற்கு ஒரு பரிசு. அடுத்த வாரம் அத்தனையும் குப்பைத் தொட்டியில்.

மெல்போர்னின் மெர்ரி ஓடைக்கரையில் இதைத் தலைகீழாகச் செய்தார்கள். கிழக்கு பிரன்ஸ்விக்கில் ஒரு நிலம். கருங்கல் வெட்டி எடுத்த பள்ளத்தில் ஊர்க் குப்பையைக் கொட்டி நிரப்பியிருந்தார்கள். அங்கே 1982-ல் 'செரெஸ்' என்ற சுற்றுச்சூழல் பூங்கா தொடங்கியது. ஓடையோரம் களை பிடுங்கி, அந்த மண்ணுக்குரிய மரங்களை நட்டு வளர்த்தார்கள். அந்தப் பக்கம் தலைகாட்டாமலே போயிருந்த 'சேக்ரெட் கிங்ஃபிஷர்' என்ற மீன்கொத்திப் பறவை திரும்பி வந்தது.

பெயர்தான் மீன்கொத்தி. தின்பது பெரும்பாலும் பூச்சியும் பல்லியும். வசந்தத்தில் வடக்கேயிருந்து வந்து, மரப்பொந்திலோ கரையான் புற்றிலோ முட்டையிடும். பூச்சியும் பொந்தும் இல்லாத ஊரில் அதற்கு என்ன வேலை?

அதன் வரவைக் கொண்டாட 1994-ல் விழா எடுத்தார்கள். பள்ளிப் பிள்ளைகள், உள்ளூர்க் கலைஞர்கள், அந்த மண்ணின் பூர்வகுடிகளான வுருண்ட்ஜெரி மக்கள் என்று எல்லோரும் கூடி வேடம் கட்டி, பாடி ஆடி, பறவை போன கதையையும் வந்த கதையையும் நடித்துக் காட்டினார்கள். விழா பல ஆண்டுகள் தொடர்ந்தது. மரம் முதலில் வந்தது, அப்புறம் பறவை, கடைசியில்தான் கலை.

சிட்னியில் இதே கதை கடலுக்கடியில் நடந்தது. 'கிரேவீட்' என்ற பெரிய கடற்பாசி, நண்டுக்கும் மீனுக்கும் காடு மாதிரி. 1980-களில் சிட்னிக் கரையோரம் சுமார் 70 கிலோமீட்டருக்கு அது அழிந்தே போனது. கரையருகே கொட்டிய கழிவுநீர்தான் காரணமாக இருக்கும் என்கிறார்கள் விஞ்ஞானிகள். 1990-களின் தொடக்கத்தில் கழிவுநீரை ஆழ்கடலுக்குக் கொண்டுபோனார்கள். தண்ணீர் தெளிந்தது, பாசி தானாக வரவில்லை. முக்குளிப்பவர்கள் இறங்கி, பாறையில் வலை விரித்துத் திருகி, வேறிடத்திலிருந்து கொண்டுவந்த ஆண், பெண் செடிகளை அதில் கட்டினார்கள். பக்கத்துப் பாறையில் குட்டிச் செடிகள் முளைத்தன. 2016-ல் பாண்டை கடற்கரையின் சிற்பக் கண்காட்சியில் ஜெனிஃபர் டர்பின், மைக்கேலி கிராஃபோர்ட் என்ற இரு கலைஞர்கள், விஞ்ஞானிகளுடன் சேர்ந்து, இந்த நடவையே கலைப்படைப்பாக்கினார்கள்.

நம் ஊரை நினைத்தால்தான் கவலை. கூவக் கரைச் சுவரில் நீலத் தண்ணீரையும் துள்ளும் மீனையும் ஒரே நாளில் வரைந்துவிடலாம். போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டதும் வேலை முடிந்த திருப்தியும் வந்துவிடுகிறது. அந்தத் திருப்திதான் ஆபத்து. போதாக்குறைக்கு அக்ரிலிக் பெயின்ட்டும் ஒரு வகைப் பிளாஸ்டிக்தான். பிரஷ் கழுவிய தண்ணீரை வடிகாலில் ஊற்றினால், மீனைக் காப்பாற்றச் சொல்லி வரைந்த வண்ணமே மீன் வயிற்றுக்குப் போகும். தெர்மாகோலுக்கும் ஜிகினாவுக்கும் சாவே கிடையாது.

வண்ணத்தைக் கையில் கொடுத்தால்தான் பிள்ளைகளுக்கு ஆர்வம் வரும் என்று சொல்லும் ஆசிரியர்களும் உண்டு. இருக்கலாம்.

ஆனால் போட்டி நடத்தும் பள்ளிகள் ஒரு நிபந்தனை வைத்துப் பார்க்கட்டும். பக்கத்து ஏரிக்கரையில் ஒரு மரக்கன்றை ஓராண்டு காப்பாற்றிய வகுப்புக்குத்தான் சார்ட் பேப்பர். கூட்டம் குறையும். ஆனால் வரும் படங்களில் புங்கன் புங்கனாகவும் மருதம் மருதமாகவும் இருக்கும். இப்போது பரிசு வாங்கும் படங்களில் இருப்பதெல்லாம் பச்சை உருண்டையை மேலே வைத்த பழுப்புக் கம்பம்.