‘சரியாயிரும்’: ஒரு வினைச்சொல்லின் அரசியல்

குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவரிடம் வாதம் வந்த கையைக் காட்டினால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: ‘சரியாயிரும் அண்ணாச்சி.’ இந்த வாக்கியத்தில் எழுவாய் இல்லை. யார் சரியாக்குவது, எவ்வளவு, எப்போது, எதுவும் இல்லை. ‘நான் சரியாக்குவேன்’ என்றிருந்தால் நாளைக்குச் சட்டையைப் பிடிக்கலாம். தன்வினையில் சொன்னதால், சரியாகாதபோது பழி நோயாளியின் பத்தியத்தின் மேல் போய் விழுகிறது. தொழிலின் எல்லை இலக்கணத்துக்குள் ஒளிந்துகொள்கிறது.

சட்டம் இந்த இடத்தைத் தொடுவதில்லை. மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் குறித்த 1954ஆம் ஆண்டு விளம்பரத் தடைச் சட்டம் பட்டியலிடும் 54 நோய்களில் வாதமும் உண்டு. விளம்பரம் என்பதற்கு அது தரும் விளக்கம் வேடிக்கையானது. துண்டறிக்கை, லேபிள், வாய்மொழி அறிவிப்பில் தொடங்கி ஒளி, ஒலி, புகை வரை போகிறது. ஆனால் ரெண்டு பேருக்குள் தாழ்ந்த குரலில் சொல்லும் ஆறுதல் அதில் சிக்காது.

‘என்னால் முடியாது’ என்று சொல்வது மேற்கத்திய ஒழுக்கவிதி என்று நம் ஆட்கள் சிலர் பேசுவது மரபு தெரியாத பேச்சு. சித்த மருத்துவம் நோய்களைச் சாத்தியம், அசாத்தியம் என்று பிரித்தே வைத்திருக்கிறது. குறளின் மருந்து அதிகாரமோ மருத்துவத்தை நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து கவனிப்பவர் என்று நாலு கூறாக்குகிறது. மருத்துவனுக்குக் கால்பங்குதான்.

தென்காசிக்கு அந்தப் பக்கம் குற்றாலம் என்றால் இந்தப் பக்கம் ஆய்க்குடி. 1975இல் கடற்படைத் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ்.ராமகிருஷ்ணன் (எழுத்தாளர் அல்ல, வேறு ராமகிருஷ்ணன்) 1981இல் இங்கே அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். சக்கர நாற்காலியில் இருந்தபடியே அதை வளர்த்தார். ‘குணம்’ என்பதற்கும் ‘மறுவாழ்வு’ என்பதற்கும் உள்ள தூரம் நிறுவனரின் உடம்பிலேயே தெரிந்தது. இதைவிடத் தெளிவான அறிவிப்புப் பலகை வேண்டுமா என்ன?

ஆனாலும் சொல்லித்தான் ஆகவேண்டும். மூளை முடக்குவாதத்தில் மூளைக்கு ஏற்பட்ட சேதம் திரும்பாது. பயிற்சி தசை இறுகுவதைக் குறைக்கும், உட்கார, விழுங்க, கை நீட்ட உதவும். ‘எம் புள்ள நடக்குமா?’ என்கிற தாயிடம் ‘நடக்காது’ என்று முகத்திலடிப்பதும் அதிகாரம்தான். ‘மூணு மாசம் உக்கார வைக்கப் பாப்போம்மா. மூளையில பட்டத என்னால மாத்த முடியாது. வலிப்பு வந்தா எங்கிட்ட வராதீங்க, டாக்டர்ட்ட போயிருங்க’ என்று சொல்லலாம். இதில் எழுவாய் இருக்கிறது, கெடு இருக்கிறது, போகவேண்டிய வேறு வாசலும் இருக்கிறது. கூடவே, பயிற்சியை வீட்டில் செய்யக் கற்றுக்கொண்ட தாய்க்குக் குறள் ஒதுக்கிய கால்பங்கு கைக்கு வருகிறது. நாலாவது மாசம் அவள் வந்து, ‘இன்னும் உக்காரலியே, ஏன்?’ என்று கேட்கலாம்.